நாலு பேர் பட்டினி, ஒரு வாளி கஞ்சி

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் எங்கள் கல்லூரி மைதானத்தின் முள்ளுக்காட்டு மூலையில் சிமெண்ட் போட்ட பாஸ்கெட்பால் கோர்ட். பழைய இரும்புக்கடையில் பேரம் பேசி வாங்கிய தண்டவாளத்தில் ரெண்டு ரிங் கம்பம். சதுரங்கப்பட்டினத்தில் உடைத்த படகின் பலகையை இழைத்து ரெண்டு போர்டு. "பகல்ல ஆடற ஆட்டத்துக்கு லைட் எதுக்குப்பா?" என்று பிரின்சிபால் சிரித்தும் விடாமல் நட்ட நாலு லைட் கம்பம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என் வேலைக்கு கிரவுண்ட்மேன் என்று பெயர். இன்று நாலு மாவட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ரிங் கம்பம் செய்து கொடுக்கிறவன் நான்தான்.

சலீமும் மற்ற நாலு பேரும்

எழுபதுகளின் நடுவில் எங்கள் டீமின் ஸ்டார் சலீம். சதுரங்கப்பட்டினத்து மளிகைக் கடைக்காரர் மகன். பேப்பரில் அவன் பெயர் மட்டும்தான் வரும். கூட ஆடியவர்களை யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். கேப்டன் ஏகாம்பரம் கருங்குழி விவசாயி வீட்டுப் பையன், குட்டை, கல் மாதிரி உடம்பு. சலீமைத் துரத்துகிறவனுக்குக் குறுக்கே அசையாமல் நின்றுகொள்வான். அதற்கு ஸ்கிரீன் என்று பெயர். துரை பந்தை உருட்டி வந்து சலீம் கைக்குக் கொடுப்பான். மற்ற ரெண்டு பேரும் ரிங்கடியில் முட்டி மோதி, உள்ளே விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டைப் பிடிப்பார்கள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் புதுப் பையன்கள், பெரிய மேட்சுக்கு ஆகமாட்டார்கள்.

அந்த வருடம் சலீமின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "யுனிவர்சிட்டி டீம்ல எடுத்தா படி. இல்லாட்டி கடையில வந்து குந்து."

செலக்டர் பார்க்க வந்தது ஒரே மேட்ச். மெட்ராஸ் கல்லூரியோடு, சாயங்காலம், ரம்ஜான் மாதத்தில். சலீம் நோன்பு.

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்

ஆட்டத்துக்கு முன்னால் பிராக்டிஸ் செய்கிறார்கள். ரிங்கடியில் கைக்கெட்டும் பந்தை ஏகாம்பரம் தவறவிட்டான். அப்படியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னாடா ஆச்சு?" என்று ஓடினேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாத்த. தல சுத்துது."

"காலையில இன்னா துன்ன?"

துரைதான் சொன்னான். "நாலு பேருமே துன்னல. சலீமு நோன்பு வெச்சிகினு ஆடுவான், நாம தண்ணி குடிச்சிகினு ஆடறதான்னு..."

சலீம் காதில் விழுந்துவிட்டது. "டேய் லூசுங்களா. நான் விடியறதுக்கு முன்னாடியே எங்கம்மா ஆக்கிப்போட்ட சோறும் குழம்பும் வயிறு முட்ட துன்னுட்டு வந்துகீறேன். எனக்கு சின்ன வயசுலேர்ந்து பழக்கம். நீங்க நேத்து ராத்திரி துன்ன சோத்தோட நிக்கிறீங்க. போய்க் குடிங்கடா."

"நீ குடிக்கும்போது குடிக்கிறோம் மச்சான்" என்றான் ஏகாம்பரம்.

"எனக்காகப் பட்டினி கெடந்து என்னையே கடையில குந்த வெக்கப் போறீங்களா?"

ஒருத்தனும் அசையவில்லை. கருங்குழிக்காரன் பிடிவாதம் மற்ற மூன்று பேருக்கும் தொற்றிவிட்டது.

தண்ணீர் ஊற்றினேன்

இவர்கள் குடிக்க வேண்டுமானால் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்க வேண்டும். அதற்குள் ஆட்டம் முடிந்துவிடக் கூடாது. நான் ஒரு வாளி தண்ணீரை கோர்ட்டில் கொட்டித் துடைப்பத்தால் தேய்க்க ஆரம்பித்தேன். பிறகு இன்னொரு வாளி.

ரெஃப்ரி கத்தினார். "யோவ், எவ்ளோ நேரம்யா கழுவுவ?"

"கோடு போட்ட சுண்ணாம்பு தூளா கீது சார். ஆளு வழுக்கி முட்டி பேந்தா நீங்க பதில் சொல்வீங்களா?"

கழுவினால் காய வேண்டும். காய்ந்தால் கோடு திரும்பப் போட வேண்டும். அந்தக் கோட்டை என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் போட்டதில்லை. வெயில் தாழ்ந்த பிறகுதான் விசில் அடித்தது. பாதி ஆட்டத்தில் பாங்கு சொல்லிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, வாளியைக் கழுவி சைக்கிளில் மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு மிதித்தேன்.

நோன்புக் கஞ்சி ஊற்றுகிற பாய் என் வாளியைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, நீ எப்போலேர்ந்து நோன்பு? அதுவும் வாளி நெறைய?"

"எனக்கில்ல பாய். அங்க அஞ்சு பேரு நோன்பு. அதுல நாலு பேரு தப்பா வெச்சிட்டானுங்க."

அவர் சிரித்துக்கொண்டே வாளியை நிரப்பி, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் கொடுத்தார்.

அரை நேரம்

திரும்பி வந்தபோது ஏழு கூடை பின்னால் இருந்தோம். நாலு பேரும் நின்ற இடத்தில் நின்று கையை மட்டும் தூக்கினார்கள். சலீம்தான் அங்கும் இங்கும் ஓடி அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தான். பந்தை ரிங்கில் போட அவனுக்கு எங்கே நேரம்? செலக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பி நின்றார்.

விசிலும் பாங்கும் அடுத்தடுத்துக் கேட்டன. சலீம் பழத்தை வாயில் போட்டபடி அதட்டினான். "மொதல்ல பழம். அப்பறம் தண்ணி. கஞ்சி ரெண்டு மடக்குதான், அதுக்கு மேல குடிச்சா ஓட முடியாது." நாலு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கேட்டார்கள்.

செலக்டர் கிட்டே வந்தார். "இன்னாய்யா வாளியில?"

சொன்னேன், நாலு பேர் பட்டினியையும் சேர்த்து. பையைக் கீழே வைத்தார். "எனக்கும் ஒரு டம்ளர் குடு."

நான் போய் லைட் சுவிட்சைப் போட்டேன். ஆட்டம் பார்க்க வந்திருந்த பிரின்சிபால் அண்ணாந்து பார்த்தார்.

இரண்டாம் பாதியில் ஏகாம்பரம் சுவராக நின்றான். துரை கொடுக்கக் கொடுக்க சலீம் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரே ஒரு கூடையில் தோற்றோம். ஆனாலும் செலக்டர் போகும்போது என்னிடம் சொன்னார்: "போடறவன் எல்லா காலேஜ்லயும் கீறான். கூட இருக்கறவன் தள்ளாடினா அவனுக்கும் சேர்த்து ஓடறவன்தான் எனக்கு வேணும். இவன் பேரு வந்துடும்."

வந்தது. சேதி சதுரங்கப்பட்டினம் போனபோது சலீமின் அப்பா சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தாராம். "சரி, படிக்கட்டும்" என்றாராம். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நான் கற்றது இதுதான். ஸ்டார் தனியாக உயரமாவதில்லை, பக்கத்தில் நாலு பேர் நின்றால்தான் உயரம்.

இப்போது கல்லூரியில் புதுக் கோர்ட் கட்டி, சலீம் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நல்லது. அதன் கீழே அந்த நாலு பேரின் பெயரும் வர வேண்டும். கல்லில் இன்னும் இடம் இருக்கிறது, நான் கையால் அளந்து பார்த்தேன். கடைசி வரியில் என் பெயரை வெட்டுங்கள், பக்கத்தில் நான் செய்ததையும்: கோர்ட், கம்பம், போர்டு, லைட், கஞ்சி. கஞ்சியை விட்டுவிடாதீர்கள்.