பந்துக்காரப் பயலுவளுக்குக் கஞ்சி காய்ச்சின கதை

புது டிரில் மாஸ்டர் வந்த அன்னைக்கு

அவரு வந்த அன்னைக்கு நான் காலேஜ் ஆஸ்டல் ஆக்குப்புரை வாசல்ல உக்காந்து உளுந்து பொடச்சிக்கிட்டு இருந்தேன். ஜெர்மன் சண்டை வாரதுக்கு முந்தி அது. எங்க வீட்டு அவியதான் அங்கன தவசிப்பிள்ளை. அதான், சைவப் பயலுவளுக்கு ஆக்கிப் போடுத ஆளு. அவிய சோறு வடிப்பாவ. அரைக்கது, பொடைக்கது, கஞ்சி காய்ச்சுதது எல்லாம் நான். எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. ஆனாலும் காலேஜில வேலைன்னு எங்க ஊரு ஏரல்ல போயி நான் அடிச்சுக்கிட்ட பெருமை இருக்கே! எங்க சித்தி கேட்டா, "ஏட்டி, காலேஜில நீ என்ன பாடம் எடுக்கே?"ன்னு. "அம்மிப் பாடம் சித்தி, வந்தா ஒனக்கும் ஒரு இடம் சொல்லி வைக்கேன்"னேன்.

ஆக்குப்புரைக்கு நேரா மைதானம். கால்பந்து ஆடுத பயலுவள வரிசையா நிறுத்தி வச்சு, பிரின்சிபால் ஐயா புது ஆளக் கூட்டிக்கிட்டு வந்தாவ. நல்ல ஒசரம், வெறைப்பா நிக்காரு, மீசை மட்டும் பாவமா இருக்கு.

"இவரு ஞானமுத்து. திருச்சிராப்பள்ளிக்காரரு. பட்டாளத்துல வெள்ளைக்காரனோட பந்து ஆடினவரு"ன்னு பிரின்சிபால் ஐயா சொன்னாவ. "போன வருசம் நீங்க ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. எனக்கு வெளிய தலை காட்ட முடியல. ஐப்பசியில முதல் மேட்ச் வருது. அதுல ஜெயிச்சா இவரு இருப்பாரு. தோத்தா இவரும் போவாரு, பந்தும் போவும். அவ்வளவுதான்."

அந்த மனுசன நிக்க வச்சுக்கிட்டே சொல்லுதாவ. சந்தையில மாட்டுக்குப் பல்லு பாத்துப் பேசுத மாதிரி. எனக்கே முறத்தக் கீழ வைக்கத் தோணிச்சு.

எல்லாரும் போன பொறவு பைய நம்ம வாசலுக்கு வந்து, "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடும்மா"ன்னாரு. ஒரு செம்புத் தண்ணியும் ஒரே மூச்சுல குடிச்சாரு.

"இந்த ஊர்ல யாரும் அதிகம் பேச மாட்டாங்களா?"

"பேசுவாவ சார். நீங்க அங்கிட்டுப் போவணும்"னேன். சிரிச்சாரு. சிரிச்ச வாயோடவே சொன்னாரு, "எம் பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம்மா. இதுக்கு முன்ன ரெண்டு ஊர்ல வேலை பார்த்து ரெண்டும் நிக்கல. இதுவும் போச்சுன்னா மாமனார் ஊர்ல போய் ஆடுதான் மேய்க்கணும்."

முட்டை

அவரு வந்து முதல்ல கேட்டது முட்டை. "ஓடுற பசங்களுக்குத் தினம் ஆளுக்கு ரெண்டு முட்டை அவிச்சுக் குடுங்க"ன்னு எங்க வீட்டு அவியகிட்ட வந்து சொன்னாரு.

அவியளுக்குக் கண்ணு செவந்துட்டு. "முட்டையா? இந்த நடைய முட்டை தாண்டாது வே. தாண்டிச்சுன்னா நான் தாண்டிப் போயிருவேன்."

"அப்போ ஆட்டுக்கால் சூப்பு?"

அவிய கரண்டியக் கீழ போட்டுட்டுப் பொறவாசலுக்குப் போயிட்டாவ. இவரு எனக்கு முன்னால நின்னு முழிக்காரு. நாந்தான் சொன்னேன், "சார், உளுந்தும் கருப்பட்டியும் போட்டுக் கஞ்சி காய்ச்சித் தாரேன். எங்க பக்கம் வயசுக்கு வந்த புள்ளைக்கு இடுப்பு உறுதிக்குக் குடுக்கது."

"பசங்களுக்கு ஆகுமா?"

"அவனுவளுக்கும் இடுப்பு இருக்குல்லா சார்?"

அன்னையிலேர்ந்து சாயங்காலம் பிராக்டிஸ் முடிஞ்சா ஆளுக்கு ஒரு தம்ளர் உளுந்தங்கஞ்சி. அது என் பொறுப்பு. குடிக்காம எவனும் போவக் கூடாதுன்னு சார் வாசல்ல நிப்பாரு. ஒரு நாளைக்குப் பத்து தடவை அதையே சொல்லுவாரு. "நல்லா சாப்பிடுங்கடா. ஓடுங்கடா. வேற ஒண்ணும் கேக்கலடா நான்." அவரு 'டா'ங்கதும் நம்ம பயலுவ 'லே'ங்கதும், கேக்க எனக்கு அவ்வளவு குசியா இருக்கும்.

பிராக்டிஸ்

பிராக்டிஸ்னா என்னன்னு நினைக்கிய? ஆத்து மணல்ல ஓட வைப்பாரு. தாமிரவருணியில அப்ப மணலு கெடந்தது அப்படி, கால் வச்சா முட்டளவு போவும். அங்கன ஓடிட்டு வந்து மைதானத்துல பந்து. அதுக்கு முன்ன நம்ம பயலுவ ஆடுனது எப்படின்னா, பந்து எங்க போவுதோ அங்க எல்லாவனும் போவான். அவுத்துக்கிட்டு ஓடுத கன்னுக்குட்டியப் பிடிக்கப் போனமாதிரி. சார் சொல்லுவாரு, "டேய், நீ பேக். உன் இடத்துலயே நில்லு. பந்து உன்னைத் தேடி வரும்." அவன் நிப்பான். பந்து வராது. சடச்சுப் போயி அவனும் ஓடிருவான்.

கேப்டன் சங்கரலிங்கம். சேரன்மகாதேவிக்காரன். வீட்டுல ஒரு காலத்துல வயலும் வரப்புமா இருந்தவனுவ. தாத்தா காலத்தோட எல்லாம் போயி, இவன் படிச்சு உத்தியோகம் பாத்தாத்தான் உண்டு. நல்லா ஓடுவான். ஆனா அடிக்கும்போது கண்ண மூடிக்கிடுவான். கோலு காக்குத கோலி மிக்கேலு, உவரிப் பையன். ஆஸ்டல்ல இல்ல, தெரிஞ்சவுக வீட்டுல தங்கிப் படிச்சான். வலை இழுத்த கை, வெறகுக்கட்டை கணக்கா இருக்கும். பாயுத பந்தக் கொக்கு மீனப் பிடிக்கமாதிரி பிடிப்பான். பிடிச்ச பந்த யாருக்குப் போடணும்னு மட்டும் தெரியாது, எதுக்க ஆடுதவனுக்கே போட்டுருவான்.

"ஏலே மிக்கேலு, அவன் ஒனக்கு என்னலே, மச்சானா?"ன்னு சங்கரலிங்கம் கத்துவான்.

"நல்ல மூஞ்சியா இருந்தான், போட்டுட்டேம்லே."

நான் உளுந்து ஊறப் போட்டுட்டு இதெல்லாம் பாத்துப் பாத்துச் சிரிப்பேன். சாருக்குத்தான் சிரிப்பு கொறஞ்சுக்கிட்டே வந்துது. புரட்டாசியில பள்ளிக்கூடத்துப் பொடியனுவளோட ஆடி அதுலயும் தோத்துட்டானுவ. இடுப்பு ஒசரம் இருக்க பயலுவ! அதுல ரெண்டு பேரு வெக்கப்பட்டு ஆட்டத்த விட்டே போயிட்டானுவ. கடைசியில மிச்சம் சரியா பதினோரு பேரு. ஒருத்தனுக்குச் சளி பிடிச்சாலும் ஆட்டம் கெடையாது. பொறவு மழை. இருக்கதே ஒரு பந்து, அது தண்ணி குடிச்சு ஆட்டுக்கல்லாட்டம் கனக்கும். காயட்டும்னு என் அடுப்பு மேல உறி கட்டித் தொங்க விட்டிருப்பாரு. ராத்திரி கஞ்சிப் பானையக் கழுவும்போது பாத்தா, அதுக்குக் கீழ நின்னு தடவிப் பாத்துக்கிட்டு இருப்பாரு. "காஞ்சிருச்சா சார்?" "இல்லம்மா."

பயலுவ அவருக்குப் பின்னால அவர மாதிரி வெறைப்பா நடந்து காட்டுவானுவ. பட்டாளத்துப் பாச்சான்னு, அதான் கரப்பான்பூச்சின்னு, பேரு வச்சிருந்தானுவ. அவரு மேல அவனுவளுக்கு ஒரு ஒட்டுதலும் இல்லன்னுதான் நான் நெனச்சேன்.

எருமைக்கு வந்த யோகம்

தீவாளிக்கு ஊருக்குப் போன பயலுவ மறுநாளே திரும்பி வந்துட்டானுவ. மேட்ச்சுக்கு ஆறே நாளு. நான் உளுந்தக் கூடுதலாப் போட்டு, நல்லெண்ணெயும் விட்டுக் கஞ்சி காய்ச்சினேன். வரிசையா வந்து தம்ளர வாங்குதானுவ. "அங்கன காத்தாட இருந்து குடிக்கோம்க்கா"ன்னு பொறவாசலுக்குப் போறானுவ. காலித் தம்ளரோட வாரானுவ. எனக்குச் சந்தோசம்.

அந்த வாரம் ஆஸ்டல் எருமை கறந்த கறவை! எங்க வீட்டு அவிய செம்ப நிறைச்சுக்கிட்டு வந்து, "பாத்தியா ஏளா, என் கைராசி"ன்னு ஒரே பெருமை. ஆமா ஆமான்னேன். ஆம்பளைங்களுக்கு எப்பவாச்சும்தான் பெருமைப்பட வாய்க்கும், கெடுப்பானேன்?

ஆனா மைதானத்துல பயலுவ ஓட்டம் நாளுக்கு நாள் குறையுது. ஒருத்தன் நடுவுல குத்த வச்சு உக்காருதான். ஒருத்தன் கம்பத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். சார் தொண்டை கட்டக் கத்துதாரு. "என்னடா ஆச்சு உங்களுக்கு? போன வாரம் இதைவிட நல்லா ஓடுனீங்களேடா!"

அஞ்சாம் நாளு மிக்கேலு என்கிட்ட வந்து ஒரு ஓலைப்பெட்டிய நீட்டினான். அவுக அம்மா வண்டியில குடுத்து விட்ட அவல் உருண்டை. "யக்கா, ஒங்க வீட்டுக்கு வச்சுக்கிடுங்க." அவல் உருண்டைய விட்டுக் குடுக்க பயலா அவன்? மொகத்தப் பாத்தேன். கன்னம் ஒட்டிப் போச்சு. அந்தானைக்கு, அந்த நிமிசமே, அவன் பின்னாலயே பொறவாசலுக்குப் போனேன். பாத்தா, பதினோரு பயலுவளும் தொட்டியச் சுத்தி நின்னு கஞ்சிய எருமைக்கு ஊத்துதானுவ. சங்கரலிங்கம் மடியில இருந்து மிளகு எடுத்து எண்ணி எல்லாவனுக்கும் குடுக்கான். அஞ்சாம் நாளுல்லா, ஆளுக்கு அஞ்சு மிளகு.

எனக்கு மனசுலாயிட்டு. சஷ்டி விரதம். திருச்செந்தூர் முருகனுக்கு மேட்ச் ஜெயிக்க வேண்டிக்கிட்டு, நாளுக்கு ஒரு மிளகாக் கூட்டி வெறும் தண்ணியோட கெடக்கானுவ!

"ஏலே மிக்கேலு, நீ என்னத்துக்குலே? ஒனக்கும் முருகனுக்கும் என்ன?"

"நான் எங்க அந்தோணியாருக்கு இருக்கேங்க்கா. ரெண்டு பக்கமும் கேட்டு வைப்போம்னு."

"ஒனக்கும் மிளகா?"

"அவருக்கு மிளகு பழக்கமில்ல. ஆனா தனியாத் திங்க ஒரு மாதிரி இருந்துது."

விரதம்

நேரா ஓடிப் போயி சார்கிட்ட சொல்லிட்டேன். மழையில நனைஞ்சுக்கிட்டே வந்து, எல்லாவனையும் ஆக்குப்புரையில உக்கார வச்சாரு. "தங்கச்சி, கஞ்சி ஊத்து"ன்னாரு. ஊத்தினேன். எவனும் தொடல.

"குடிங்கடா. காலுல சத்து வேணாமா? நாளைக்கு மேட்ச்டா!"

தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்கானுவ.

அவரு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "டேய், எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சிடா. எனக்காகச் சாப்பிடுங்கடா."

சங்கரலிங்கம் அப்பந்தான் நிமிந்தான். "ஒங்களுக்காகத்தான் சார் சாப்பிடல."

"எனக்காகவாடா?"ன்னாரு சார்.

"நீங்க போயிரக் கூடாதுன்னுதான் சார் நேர்ந்துக்கிட்டோம். எங்களுக்குன்னா எப்பவோ விட்டிருப்போம்"னான். "இப்ப நடுவுல முறிச்சா சாமி கோவம் ஒங்க மேல வந்துரும் சார். வீட்டுல வேற அவிய அப்படி இருக்காவ. எங்களால முடியாது சார்."

சார், சர்ச்சுக்குப் போற வேதக்கார மனுசன், முருகன் கோவப்பட மாட்டாருன்னு அவரு சொல்ல முடியுமா? கோவப்படுவாருன்னும் சொல்ல முடியாது. எங்க வீட்டு அவிய அடுப்படியில நின்னு தோள்த்துண்ட வச்சு மொகத்தத் தொடைக்காவ. எருமை கறந்த காரணமும் தெரிஞ்சு போச்சுல்லா, அதுவும் சேந்துருக்கும். சார் ஆளாளுக்கு மொகத்தப் பாத்தாரு. பொறவு எந்திரிச்சு, ஒவ்வொருத்தன் தலையிலயும் கைய வச்சுட்டு மழையில எறங்கிப் போயிட்டாரு.

மேட்ச்

எதுக்க ஆட வந்த காலேஜ் பயலுவ தின்னு வளந்த பயலுவ. கோல் எத்தனைன்னு நான் சொல்ல மாட்டேன். மிக்கேலு கைக்கு வந்த பந்து கையத் தள்ளிக்கிட்டு உள்ள போவுது. பேக்குல நிக்கவன் நிக்கான், இப்ப அவன் எடத்த விட்டு அசையவே இல்ல. அசைய முடியல.

ஒரே ஒரு தடவை, எப்படியோ பந்து சங்கரலிங்கம் கிட்ட வந்துட்டு. எதுக்க இருந்த கோலி சகதியில வழுக்கிக் கெடக்கான். கோலு தொறந்து கெடக்கு. அடிச்சான். கண்ண மூடல, நான் பாத்தேன். பந்து ஒரு முழம் உருண்டு தண்ணிக்குள்ள உக்காந்துட்டு. திரும்பவும் காலத் தூக்கினான், அப்படியே முட்டுக் குத்தி விழுந்துட்டான். பந்துக்கு எட்டு வச்சு வர எங்க ஆளுவள்ல ஒருத்தனுக்கும் தெம்பில்ல. எல்லாவனும் நின்ன எடத்துல நின்னு அந்தப் பந்தப் பாக்கானுவ. சாரும் பாக்காரு.

சாயங்காலம் கோயில்ல சூரசம்ஹாரம் முடிஞ்சுது, விரதமும் முடிஞ்சுது. பயலுவ குளிச்சுட்டு வந்து பந்தியில உக்காந்தானுவ. கரண்டிய என் கையில இருந்து வாங்கி சாரே பரிமாறினாரு. அழுதுக்கிட்டே திங்கானுவ. மிக்கேலு மறுசோறு மூணு தடவை வாங்கினான்.

மறுநா விடிய வண்டி கட்டியாச்சு. சார் வீட்டம்மா வயித்தப் பிடிச்சுக்கிட்டு வண்டியில ஏறி உக்காந்துருக்கு. நான் கருப்பட்டியும் உளுந்தும் கட்டிக் குடுத்தேன். சார் வாங்கிக்கிட்டு என்கிட்ட பைய சொன்னாரு, "எனக்காக யாரும் பட்டினி கிடந்ததில்லம்மா இதுவரை. ஆனா அதுல ஒரு பய, ஒரே ஒரு பய, திருட்டுத்தனமா சாப்பிட்டிருக்கக் கூடாதா?"

அந்த வாரமே கோல் கம்பத்தப் பிடுங்கி வெறகாக்கி ஆக்குப்புரைக்கு அனுப்பிட்டாவ. நாந்தான் அத வச்சு எரிச்சேன். நல்ல வைரம் பாஞ்ச கட்டை, ரெண்டு நாளு நின்னு எரிஞ்சுது.

நான் எத்தனையோ பேருக்கு ஆக்கிப் போட்டுட்டேன். வேலைக்குப் போற புள்ளைய நீங்க, ஒங்களுக்குச் சொல்லுததுக்கு எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான். ஒருத்தரு மேல பிரியம் வச்சா, அவரு வாயத் தொறந்து கேக்கத மொதல்ல குடுத்துருங்க. அந்த மனுசன் கேட்டது ஒரு தம்ளர் கஞ்சி குடிங்கடான்னு. பாவிப் பயலுவ, உசிரயே குடுத்தானுவ.