சலீம் பாய் கழுவி அனுப்பிய தோல் துருவல்

2006 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஆம்பூர் போய்வந்தேன். பிரியாணிக்காக அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறீர்கள்.

நான் காட்பாடியில் வேதியியல் ஆய்வு மாணவி. தோல் தொழிற்சாலையில் தோலைச் சீவும்போது உதிரும் துருவலைக் காற்றுப்படாமல் சுட்டுக் கரியாக்குவேன். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில், விலை உயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதிலாக இந்தக் கரியை வைக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அதற்குக் கரியில் நானோ அளவுத் துளைகள் ஏராளமாக வேண்டும். முதல் மூட்டைத் துருவலில் அவை வந்தன, ஆளாளுக்குப் பாராட்டினார்கள். இரண்டாவது மூட்டையை ஏழு முறை சுட்டும் வெறும் அடுப்புக்கரிதான். "மாசக் கடைசிக்குள்ள திரும்ப வரலன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துடும்மா" என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு! அழுதேன், ஒளிப்பானேன்.

காலை 6.40க்கு டவுன் பஸ், வேலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று ரூபாய். 7.20க்குத் திருப்பத்தூர் பஸ். ஆம்பூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர்; ஒன்றேகால் மணி நேரம், பதினேழு ரூபாய். சாலை வேலை நடந்ததால் வழியெல்லாம் புழுதி. ஆம்பூரில் ஷேர் ஆட்டோ ஐந்து ரூபாய்.

"எந்தக் கம்பெனிம்மா, ஷூவா, டேனரியா?" என்றார் டிரைவர்.

"டேனரி."

"நாத்தம் ஜாஸ்தியா இருக்கும், கர்ச்சீப் வச்சுக்கோ."

துருவல் கொடுப்பவர் சலீம் பாய், சீவும் பிரிவின் சூப்பர்வைசர். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அவரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ வரவழைத்தார்.

"பாய், ரெண்டாவது மூட்டை வேற தோலா?"

"அதே ஆட்டுத்தோலு, அதே மிஷினு. சொல்லப்போனா இதாம்மா நல்ல சரக்கு. மொத வாட்டி திடுதிப்புனு வந்து தரையிலேர்ந்து நீயே வாரிட்டுப் போய்ட்ட. எனக்கே ஒரு மாதிரி ஆய்ட்டுச்சு. காலேஜுக்குப் போற பொருளு நாறிட்டுப் போனா கம்பெனி மானம் இன்னா ஆவுறது? அதான் மூணு தண்ணி மாத்திக் கழுவி, மொட்ட மாடியில காய வச்சு அனுப்புனேன்."

அடப்பாவி மனுஷா என்று கத்த வாயெடுத்தேன். பதப்படுத்தும்போது தோலில் ஏறிய உப்பு துருவலிலும் இருக்கும். சுடும்போது அது கரிக்குள் இடம் பிடித்துக்கொள்ளும். கடைசியில் நான் கரியைக் கழுவும்போது உப்பு கரைந்து, இருந்த இடம் துளையாகும். பாய் அதை முன்கூட்டியே கழுவிவிட்டார்! இதையெல்லாம் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"கெடுத்துட்டனாம்மா?"

அதற்குமேல் எங்கே கோபப்படுவது? ஊர்பேர் தெரியாத ஒரு மாணவிக்காக மாடியில் குப்பையைக் காயவைத்த மனிதர். அன்று அவரே குனிந்து எட்டுக் கிலோ அள்ளிக் கட்டிக்கொடுத்தார், கழுவாமல்.

வியாழக்கிழமை துளைகள் திரும்பின. பேராசிரியர் அளவீட்டைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். முதல் மூட்டை மட்டும் இருந்திருந்தால் கரி வேலை செய்தது என்று எழுதியிருப்போமாம். ஏன் செய்தது என்று கடைசிவரை தெரிந்திருக்காதாம். உண்மைதான். கழுவிய மூட்டை இல்லாவிட்டால் உப்பின்மேல் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது.

நீங்களும் மாதிரி எடுக்கப் போவதாக இருந்தால்: கல்லூரி முத்திரை போட்ட கடிதம் இல்லாமல் கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகை நேரத்தில் ஆள் கிடைக்காது. கையுறை அவசியம், துருவலில் குரோமியம் உண்டு. மூட்டைக்கு இரண்டு பாலிதீன் உறை போடுங்கள். நான் ஒன்றோடு விட்டதால் திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா வரை பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. முக்கியமாக, பொருள் உங்கள் கைக்கு வருமுன் அதை யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். நான் கேட்காமல் ஏழு முறை சுட்டேன்.

போன வாரம் பாய்க்குப் போன் போட்டு, ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் வருகிறது என்றேன். "கெடுத்தவன் பேரு எதுக்கும்மா?" என்றார்.

"இன்னொரு மூட்டை வேணும் பாய். அன்னைக்குக் கழுவுனீங்களே, அதே மாதிரி கழுவி. அதையும் சுட்டு ஒப்பிட்டுக் காட்டாம என் அத்தியாயம் நிக்காது."

மிஷின் சத்தத்துக்கு நடுவே மெதுவாகக் கேட்டார்: "மூணு தண்ணி போதுமா?"