வயலில் நடக்காது

“...ஆளை வெச்சு வேணும்னே சுவிட்சை ஆட்டுனா எந்த சிப்பா இருந்தாலும் தடுமாறத்தான் செய்யும். இதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள நடக்கும் சார், வயல்ல நடக்காது.”

சொன்னவர் எங்கள் முதலாளி. கேட்டுக்கொண்டிருந்தவர் சென்னையிலிருந்து வந்திருந்த, பம்பு செட் ஸ்டார்ட்டர் செய்கிற கம்பெனிக்காரர். சுவிட்சை ஆட்டிய ஆள் நான். உத்திரமேரூரில், முதலாளி வீட்டு ரைஸ் மில்லை ஒட்டி அவர் கட்டியிருந்த ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தோம். கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்டால் சிப்பின் டிசைன் அன்றைக்கே வெளிநாட்டு ஃபேக்டரிக்குப் போய்விடும். போனால் போனதுதான். சிப் என்ன ரவிக்கையா, பிடிக்கவில்லை என்றால் பிரித்துத் தைக்க?

பெட்டி என்று அவர் சொன்னது எமுலேட்டரை. பீரோ உயரம் இருக்கும். உள்ளே அடுக்கடுக்காக போர்டுகள். இன்னும் செய்யப்படாத ஒரு சிப்பின் டிசைனை அதில் ஏற்றினால், பெட்டி அந்தச் சிப்பாகவே நடந்துகொள்ளும். நிஜ சிப்பின் வேகம் வராதுதான். ஆனால் கம்ப்யூட்டரில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் நத்தையாக ஊர்கிற வேலை, இதில் ஆள் நடக்கிற வேகத்துக்காவது வரும். மில்லில் நெல் காயவைக்கிற அம்மா ஒருத்தி நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பொறக்காத புள்ளைக்கு நாஷ்டா ஊட்டிக்கினு, செரிக்குதா இன்னான்னு பாக்கறீங்கோ, அதானே?” என்றாள். அதற்குமேல் விளக்க எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முதலாளி வெளிநாட்டில் ஏதோ சிப் கம்பெனியில் சில வருஷம் இருந்தவர். என்ன வேலை பார்த்தார் என்பதை யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். இரண்டாயிரம் பிறந்த புதிதில் அங்கே மூடிப்போன ஓர் ஆபீஸிலிருந்து இந்தப் பெட்டியை வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். வந்த நாளிலிருந்து அதற்குச் சந்தனம், குங்குமம், வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம். வருகிறவர்களைச் செருப்பைக் கழற்ற வைத்து, “மனுசன் பொய் சொல்லுவான், இது சொல்லாது” என்பார். எந்த ஓட்டையில் எந்த ஒயரைச் செருகுவது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. சாமி கும்பிடுகிறவன் கோயில் கட்டத் தெரிந்திருக்க வேண்டுமா என்ன.

வேலை பார்த்தது ஒரு பெண். கடைத்தெருவில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பெண், இன்ஜினீயரிங் முடித்தவள். நான் ஜெனரேட்டர், ஏ.சி., ஒயரிங் பார்க்கிறவன். அவளைக் கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கி, இந்தத் தொழிலில் நானாகக் கொஞ்சம் பழகிக்கொண்டேன்.

அந்தக் கம்பெனி எங்களிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்த சிப், பம்பு செட் ஸ்டார்ட்டருக்குள் வைக்கிற சிப். மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்த வேண்டும்; திரும்பி வந்தால் கொஞ்சம் பொறுத்து ஓடவிட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் ஸ்டார்ட்டரை அணைப்பது கிடையாது. கரண்ட் வந்தால் தானாக ஓடும்படி ஆட்டோவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கரண்ட் ஆபீஸ் நேரம் வைத்து விடுகிற மூன்று பேஸ் வந்த நொடியில் மானாம்பதி வரைக்கும் அத்தனை மோட்டாரும் ஒன்றாக எழுந்து நிற்கும். லைன் தாங்காது. ஒரு பேஸ் போகும், வரும், மோட்டார் சுற்ற எடுக்கிற அதே கணத்தில் மறுபடியும் போகும்.

அவள் அதைத்தான் என்னைச் செய்யச் சொன்னாள். பெட்டியோடு சின்ன மோட்டார் ஒன்றைச் சேர்த்தோம். ஒரு பேஸின் சுவிட்சை நான் அணைத்துப் போட்டேன். சிப் சரியாக நிறுத்தியது. மோட்டார் மறுபடி எடுக்கும்போதே அணைத்தேன். சிப் கவனிக்கவே இல்லை. மோட்டார் இரண்டு பேஸில் உறுமிக்கொண்டு கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் உள்ளே சுற்றியிருக்கிற செம்புக்கம்பிக் காயில் கருகியிருக்கும். எத்தனை தரம் செய்தாலும் அதே கதை.

முதலாளியிடம் சொன்னாள். திருத்தினால் தேதி தள்ளிப்போகும், நமக்கு வரவேண்டிய பணமும் தள்ளிப்போகும், வாயைத் திறக்காதே என்றார். கம்பெனிக்காரர் வந்த அன்று அவள் திறந்தாள். அவர் எதிரிலேயே என்னைச் சுவிட்சை ஆட்டிக் காட்டச் சொன்னாள். அப்போதுதான் முதலாளி அந்த வயல் வசனத்தைச் சொன்னார். வருகிறவர்களிடமெல்லாம் ‘இது பொய் சொல்லாது’ என்ற வாயும் அதே வாய்தான். பொய்யே சொல்லாத சாமி, பாதகமாக ஒரு வார்த்தை சொன்னதும் வெறும் பெட்டியாகிவிட்டது.

கம்பெனிக்காரருக்கும் அவசரம். பேனா மூடியைத் திருகினார்.

“ஒரு நிமிசம் சார்” என்றாள் அவள். “இந்த ஸ்டார்ட்டர் எங்க அத்தா கடையிலதான் விக்கும். காயில் போச்சுன்னா மோட்டாரைத் தூக்கிக்கினு எங்க கடை வாசலுக்குத்தான் வருவாங்க. உங்ககிட்ட யாரும் வரமாட்டாங்க.”

முதலாளி சிரித்தார். “பயப்படாதேம்மா, நான் சொல்றன்ல.”

“அப்ப ஒண்ணு பண்ணலாம் சார். மில்லு பின்னாடி உங்க வயல் மோட்டார் இருக்குதே, பெட்டியோட ஒயரை அதோட ஸ்டார்ட்டர்ல குடுத்துடறோம், சிப்பு இடத்துல பெட்டியே ஓட்டட்டும். இன்னும் கொஞ்ச நேரத்துல மூணு பேஸ் விட்டுடுவான். யாரும் சுவிட்சை ஆட்ட வேணாம். வயல்ல நடக்காதுன்னா மோட்டார் பாட்டுக்கு ஓடும், சாரும் கையெழுத்துப் போட்டுடுவாரு.”

நல்ல யோசனையாகத் தெரிகிறதே என்றார் கம்பெனிக்காரர். முதலாளி வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? தலையாட்டினார். நான் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டு போய் மோட்டார் கொட்டகையில் கொடுத்துவிட்டு வந்தேன். டீ வந்தது. எல்லோரும் குடித்தோம். முதலாளியின் டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு எழுந்து, வெறுங்காலோடு வெளியே போனார். ஜன்னல் வழியாக நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கொட்டகைக்குள் நுழைந்து, தன் மோட்டாரின் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.