மருதாம்பாளின் இடது கண்

மஞ்சூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட்டில் மருதாம்பாளைப் போல மகன் பெருமை பேசியவள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி என்பதால் அத்தனையையும் காதில் வாங்கியவள் நான். புருஷன் போன பிறகு தேயிலைக் கொழுந்து பறித்தே ஜீவாவை ஆளாக்கினாள். அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகும், எல்லோரும் குடியிருந்த எஸ்டேட் லைன் வீடு அவள் பேரில்தான் இருந்தது. இங்கே வேலை இருக்கிறவரைதான் வீடு. வேலைக்கு ஆகாது என்று எஸ்டேட் ஆபீசில் எழுதிவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

போன வருஷம் நர்ஸ் கெஸியா செல்போனோடு வந்து எல்லோருக்கும் கண் பரிசோதித்தாள். போனில் ஒரு ஆப். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் திரையைத் தொட வேண்டும். இடது கண்ணுக்கு மருதாம்பாள் பாதி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்வார் என்று கெஸியா நம்பர் கேட்டாள்.

"எங்கிட்ட பட்டன் போனுதானுங்க சிஸ்டர். எம்பையன் நம்பரப் போட்டுக்குங்க. அவன் பாத்துக்குவான்."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். ஒன்றுமில்லை, வயசானால் அப்படித்தான் என்று சொல்லி, மெடிக்கலில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி வந்து தினமும் தன் கையாலேயே விட்டான். அதை லைன் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். எங்களுக்கெல்லாம் பொறாமையாக இருந்தது.

இந்த வருஷம் கெஸியா மறுபடி வந்து பரிசோதித்தாள். போனைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கக்கா, கோயம்புத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போகவே இல்லீங்களா? கண்ணுக்குள்ள அழுத்தம், உடனே வைத்தியம் பாக்கோணும், போன பார்வை திரும்பாதுன்னு உங்க பையன்கிட்ட எத்தன தடவை சொன்னேன்! சரிங்க சிஸ்டர், சரிங்க சிஸ்டர்னாரே!"

இடது கண் அநேகமாகப் போய்விட்டிருந்தது. வலது கண்ணையாவது காப்பாற்ற உடனே வரச் சொன்னாள்.

மருதாம்பாள் நேரே வீட்டுக்கு வந்து மகனைக் கேட்டாள். நடுவே ஒற்றைச் சுவர்தான். எனக்கு எல்லாம் கேட்டது. ஜீவா மறுக்கவில்லை.

"ஆஸ்பத்திரி, லீவுன்னு போனா ஆபீசுல தெரிஞ்சுரும். ஊட்டக் காலி பண்ணச் சொன்னா குழந்தைகள வெச்சுக்கிட்டு நான் எங்கம்மா போவேன்?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா" என்றாள். அவ்வளவுதான். பெற்றவளையே கழுத்தறுத்துவிட்டானே பாவி என்று எனக்குத்தான் ஆறவில்லை.

மறுநாள் நான் துணைக்குப் போனேன். கோயம்புத்தூர் பஸ் கிளம்பும் சமயத்தில் ஜீவா ஓடி வந்தான். அவனும் வருகிறான் என்று நினைத்து, மருதாம்பாள் என்னை நெருக்கிக்கொண்டு சீட்டில் இடம் விட்டாள். அந்த மனசை என்ன சொல்வது! அவன் ஏறவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆபீசுல மட்டும் சொல்லீராதம்மா" என்றான்.

மருதாம்பாள் விலகி, பழையபடி உட்கார்ந்தாள்.

"காலைலயே நானே போய்ச் சொல்லிட்டேன்டா. வேற ஊடு பாத்துக்க."