என் தலைக்கு மேல் ஒரு நாற்றங்கால்

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல மழை. கையில் காபி. எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மழையைப் பற்றி இரண்டு அழகான வரிகள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டினார்கள். திறந்தால், ஹவுஸ் ஓனர் ஏழுமலை. அவருக்குப் பின்னால் அவர் மனைவி செல்வி. இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

ஹவுஸ் ஓனர் காலங்காத்தாலே கதவைத் தட்டினால் குடித்தனக்காரனுக்கு வாடகை ஏறப்போகிறது என்று அர்த்தம். நானும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டதோ, எந்த ஹவுஸ் ஓனரும் எந்தக் குடித்தனக்காரனிடமும் கேட்டிருக்க முடியாத கேள்வி.

"சார்... உங்க தலைக்கு மேல நெல்லு வெதைச்சிக்கலாமா?"

நான் குடியிருப்பது ஒரகடத்துக்கும் மணிமங்கலத்துக்கும் நடுவில் ஒரு கிராமம் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். என் ஜன்னலைத் திறந்தால் வயல், அதற்கு அப்பால் ஒரு கம்பெனியின் நீலக் கூரை. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் ஏரி. கீழே ஏழுமலையின் வீடும், தெற்கே இருந்து கம்பெனி வேலைக்கு வந்த வாலிபர்கள் தங்கியிருக்கும் இரண்டு அறைகளும். மாடியில் நானும் என் புத்தகங்களும். எனக்கு மேலே மொட்டை மாடி. அதற்கு மேலே வானம்.

ஏழுமலை கம்பெனி பஸ் ஓட்டுகிறார். செல்வி செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நிற்கிறார். ஏரிக்குக் கீழே இவர்களுக்கு ஐம்பது சென்ட் நிலம் உண்டு. அதற்கு இடப்பக்கம் இருந்த வயல் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கும் யார்டு. அந்த யார்டுக்காரர், இவர்கள் நிலத்தையும் குத்தகைக்குக் கேட்டு அடிக்கடி போன் செய்வார். எடுத்த எடுப்பிலேயே அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அந்தக் காலி இடம் என்னாச்சு?"

அந்த வார்த்தையைக் கேட்டாலே செல்விக்குச் சுருக்கென்று தைக்கும். ஆனால் பதில் சொல்ல வாய் வராது. போன வருஷம் விட்ட நாற்று வெள்ளத்தோடு போய், நிலம் உண்மையிலேயே காலியாகத்தான் கிடந்தது. ஏழுமலைக்கும் அலுத்துவிட்டது. இந்தப் பட்டமும் நட முடியாமல் போனால், தை பிறந்ததும் யார்டுக்காரர் கிராவல் மண் அடித்து மேடாக்கிக்கொள்ளட்டும் என்று வீட்டில் பேசி முடிவு செய்து, அவரிடமும் சொல்லிவைத்தார்கள். செல்வியும் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, தனியாக வயல் பக்கம் போய் நின்றார்.

சரி, நடுவதற்கு என்ன தடை? தடை எதுவும் இல்லை. எப்போது விதைப்பது என்பதுதான் கேள்வி.

கார்த்திகை மழை முழுசாக விடுவதற்குள் நாற்று விட்டால், மழை அடித்துக்கொண்டு போய்விடும். மழை விட்டுத் தரை தெளியட்டும் என்று காத்திருந்தால், பங்குனியில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஏரி வற்றிவிடும். முன்னால் போனால் வெள்ளம், பின்னால் போனால் வறட்சி. நடுவில் ஒரு சின்னச் சந்து. அதற்குள் சரியாக நுழைய வேண்டும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நெல்லை அப்படியே கொண்டுபோய்த் தூவிவிட முடியாது. ஒரு நாள் ஊற வைக்க வேண்டும். வடிகட்டி, கோணியில் கட்டி இன்னொரு நாள் மூட்டம் போட வேண்டும். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் விதைத்துவிட வேண்டும். அதாவது, நாளை மறுநாள் வானம் எப்படி இருக்கும் என்று இன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும். ஊறப் போட்ட பிறகு மனசு மாறினால்... நெல்லுக்கு மனசு மாறாது.

எங்கள் பக்கத்தில் இதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஷிஃப்ட் சார்ட். செல்விக்கு ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். லீவு வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "மேடம், மழை விடுற அன்னிக்கு எனக்கு லீவு வேணும்" என்று எந்த ஃபாரத்தில் எழுதிக் கொடுப்பது?

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம் செல்விக்கு வாகாக ஓய்வு கிடைத்தது. ஊறப் போட்டுவிடலாம் என்றார் ஏழுமலை. செல்வி ஒப்பவில்லை. தீபம் முடியாமல் மழை ஓயாது என்பது அவர் கட்சி. அந்த வாரம் முழுக்க வெயில் பளீரென்று அடித்தது. கம்பெனிக் கூரையைப் பார்க்க முடியாமல் கண் கூசியது. ஏழுமலை பஸ் கிளப்பும்போதெல்லாம் சூரியனை ஒருமுறை பார்ப்பார், பிறகு மனைவியை ஒருமுறை பார்ப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால்கூட செல்விக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தீபம் முடிந்தது. அடுத்த ஓய்வு நெருங்கியது. இந்த முறை செல்வியே ஊறப் போடலாம் என்றார். பஸ் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மழை இல்லை என்று வந்திருந்தது. என் போனிலும் மேகத்துக்குப் பின்னால் பாதிச் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. நான்கூடப் பெரிய மனுஷத்தனமாக அதைக் காட்டி, தைரியமாகப் போடுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை கோணியில் முளை கட்டியது. சனிக்கிழமை சாயங்காலமே வங்கக் கடலில் ஏதோ சுழன்றது. ஞாயிறு விடிந்தபோது ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்துகொண்டிருந்தது. இவர்கள் வயலின் வரப்பு எங்கே என்று தெரியவில்லை. வயலில் தண்ணீர், தண்ணீருக்குள் கம்பெனியின் நீலக் கூரை தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகைத்தான் நான் காபியோடு வர்ணிக்கப் பார்த்தேன். என்ன ஜென்மம் நான்.

கீழே இறங்கிப் போனேன். டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கோணி மூட்டை. கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னார் செல்வி. விட்டேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. இன்னொரு நாள் போனால் முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிரித்தால் ஒடிந்துவிடும் என்றார் ஏழுமலை. வேறு விதை வாங்கலாமென்றால் ஸ்ரீபெரும்புதூர் கடையில் அந்த ரகம் தீர்ந்துபோயிருந்தது.

"எனுக்கு வானம் பார்க்கத் தெர்ல சார். நிக்கச் சொல்ல வெயிலு, போடச் சொல்ல மழை. நெலம் என்னால பூடுமோன்னு பயமா கீது" என்றார் செல்வி. கண் கலங்கியிருந்தது.

மொட்டை மாடி யோசனை அவருடையதுதான். மெஷின் நடவுக்குப் பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் மண் பரப்பிப் பாய் மாதிரி நாற்று வளர்ப்பதை எங்கோ பார்த்திருக்கிறார். ஷீட்டைத் தரையில் விரித்தால் என்ன, தளத்தில் விரித்தால் என்ன? ஏழுமலையின் கவலை வேறு. தளத்தில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் உண்டு. தண்ணீர் இறங்கினால் நேராக என் புத்தகங்களின் மேல்தான் இறங்கும். அதனால்தான் அனுமதி கேட்க வந்திருந்தார்கள். சொந்த வீட்டில் விதைக்க, குடித்தனக்காரனிடம்.

என்னிடம் இருந்த மொட்டை மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அன்று பார்க்க வேண்டும் எங்கள் மாடிப்படியை. மேட்டு நிலத்து மண்ணை மூட்டை மூட்டையாக ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கினார் ஏழுமலை. கீழ் அறை வாலிபர்கள் படிக்கு ஒருவராக நின்று கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அவர்களில் தூத்துக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர், "இங்கயும் லைன்லதான் நிக்கோம், பாத்துக்கிடுங்க" என்றார். அந்த மழையிலும் எல்லோரும் சிரித்தார்கள். ஷீட் விரித்து, மண் பரப்பி, செல்வி குனிந்து முளைகளைத் தூவினார். மேலே தார்ப்பாயைக் கூடாரம் மாதிரிக் கட்டினோம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிச் சொல்வேன்?

நான் ஒரு வயலுக்குக் கீழே வாழ்ந்தேன். ஆமாம், கீழே. மற்றவர்கள் வயலைக் குனிந்து பார்ப்பார்கள். எனக்கு அண்ணாந்து பார்க்கக் கிடைத்தது. மதியம் படுத்தால் தலைக்கு மேலே பூவாளியில் தண்ணீர் விழும் சத்தம் மெத்து மெத்தென்று கேட்கும். ஈர மண் வாசனை படியிறங்கி அறைக்குள் வரும். அரைத் தூக்கத்தில், விரிசல் வழியாக வெள்ளை வேர்கள் மெல்ல இறங்கி வந்து, நான் பாதியில் விட்ட வரிகளைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கும். விழித்துப் பார்த்தால் ஃபேன்.

காலையில் மேலே போவேன். தார்ப்பாயை விலக்கினால், சிமெண்டுக்கு நடுவே அவ்வளவு பச்சை. சுற்றிலும் கூரைகள், புகைபோக்கிகள், வரிசையாகக் கம்பெனி பஸ்கள், தூரத்தில் பனி. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த செல்வி, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து, நாற்றின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருப்பார். நான் வந்ததே தெரியாது. நானும் அப்படியே இறங்கிவிடுவேன்.

இரண்டு வாரமாக இந்தப் பத்தியில் வேறு எதையெதையோ எழுதி ஒப்பேற்றினேனே, கவனித்தீர்களா? இதுதான் காரணம். மேலே நாற்று நன்றாகத்தான் வளர்ந்தது. கீழே வயலில் தண்ணீர் வடியவில்லை. முடிவு தெரியாமல் எழுத எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். 'நிலைமை கொஞ்சம் தெளியட்டும், அப்புறம் முடிவெடுக்கலாம்' என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். தெளிந்த வானத்தின் கீழே நான் எடுத்த முடிவு ஒன்றாவது உண்டா? வேலையை விட்டது, கல்யாணம் வேண்டாமென்றது, இந்த ஊருக்குக் குடி வந்தது... எல்லாமே மூட்டம் போட்டிருந்தபோது எடுத்ததுதான். சரியான நாள் என்று ஒன்று எங்கேயோ இருந்திருக்கலாம். ஊறப் போட்ட பிறகு அதைத் தேடிப் பயனில்லை. முளைத்ததற்கு ஒரு இடம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் தண்ணீர் வடிந்தது. டிராக்டர் விட்டுச் சேறாக்கினார்கள். நாற்றைக் கத்தியால் வெட்டி, பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டித் தோளில் வைத்துப் படியிறங்கினார் ஏழுமலை. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. செல்வியின் கம்பெனித் தோழிகள் நாலு பேர் வார ஓய்வை விட்டுக்கொடுத்து வந்தார்கள். பாதிப் பேருக்கு நட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் வரிசை மட்டும் ஒரு இம்மி கோணவில்லை.

நான் வரப்பில் குடை பிடித்து நின்றேன். மழை இல்லை. பழக்கதோஷம்.

கடைசி வரிசைக்கு முன்னால் ஏழுமலையின் போன் அடித்தது. அவர் கையெல்லாம் சேறு. செல்விதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார். யார்டுக்காரர். தை பிறக்கப்போகிறதே, கிராவலுக்குச் சொல்லிவிடட்டுமா என்றார். அந்தக் காலி இடம் என்னாச்சு என்றார்.

செல்வி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒருமுறை பார்த்தார். நட்ட நாற்று இன்னும் நிமிரவில்லை. தண்ணீரில் நீலக் கூரை, அதன் மேல் கோடு கோடாகப் பச்சை.

"காலி இல்லீங்க" என்றார். "ஆள் வந்தாச்சு."

போனைக் கணவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்து அடுத்த நாற்றை எடுத்தார். இந்த முறை ஏழுமலை சூரியனைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அறையில்தான், கட்டிலுக்கு நேர் மேலே, கூரையில் பெரிய ஈரத்திட்டு ஒன்று விழுந்துவிட்டது. பொங்கலுக்குள் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன் என்றார் ஏழுமலை. வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

படுத்துக்கொண்டு பார்க்க எனக்கும் ஒரு வயல் வேண்டாமா?