பெரியாளுக்கும் சித்தாளுக்கும் ஒரே கூலி

பழைய வீட்டை மராமத்து பார்ப்பதில் எங்கள் பக்கம் எஸ்டிமேட் என்றால் கண்மதிப்புதான். கொத்தனார் வீட்டை ஒரு சுற்று சுற்றுவார், வெற்றிலையை மென்றபடி ஒரு தொகை சொல்வார். வேலை முடியும்போது அது இரட்டிப்பாகியிருக்கும். எனக்கு அந்தக் கூத்து ஆகாது. மராமத்து வேலை எடுத்துச் செய்யத் திருத்துறைப்பூண்டியில் கடை போட்டதும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கடனில் வாங்கி, எனக்கென்று ஒரு டேட்டாபேஸ் உருவாக்கத் தொடங்கினேன். சுவரில் பழைய காரை கொத்த எத்தனை ஆள், ஓடு பிரிக்க எத்தனை நாள் என்று, செய்த வேலை ஒவ்வொன்றையும் அதில் ஏற்றினேன்.

கூலிப் பகுதிக்கு வந்தபோது கை நின்றது. மண் சுமக்கிற ஆணுக்குப் பெரியாள் என்று பெயர், ஒரு கூலி. அதே மண்ணைச் சுமக்கிற பெண்ணுக்குச் சித்தாள் என்று பெயர், குறைந்த கூலி. என் அம்மா நடவுக்காரி. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்து கூலியை உயர்த்தி உத்தரவு போட்டாலும், எங்கள் ஊர் மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவளுக்குக் கூலியாக அளந்தது பழைய மரக்கால் நெல்தான். அதைக் கேட்கக் கொடி பிடித்துப் போய் அடி வாங்கியவள் அவள். நான் இருவருக்கும் ஒரே கூலி என்று ஏற்றினேன். "ஒனக்கு ஒரு வேலையும் வராதும்மா" என்றார் என் கொத்தனார். வராவிட்டால் போகட்டும்!

இத்தனை பார்த்தும் ஒன்றைக் கோட்டைவிட்டேன். முதல் வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கியதும் ஒரு பெண்கூட வேலைக்கு வரவில்லை. எல்லோரும் நடவுக்குப் போய்விட்டார்கள். வீடு பாதியில் நின்றது, நஷ்டம் என் தலையில். நடவுக்காரி மகளுக்கே இது மறந்துபோயிற்றே என்று தலையிலடித்துக்கொண்டேன். 'ஆற்றில் தண்ணீர்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். அதில் 'ஆம்' போட்டால் எல்லோருடைய கூலியும் நடவுக் கூலிக்கு மேலே ஏறும்.

மறு வருஷம் கோடையில் அந்த மிராசுதாரே ஆள் அனுப்பினார். மகள் கல்யாணத்துக்குள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் தவணைக்குக்கூடக் கையில் காசில்லாத நேரம் எனக்கு. இந்த வேலை கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். எஸ்டிமேட்டை அவர் வரி வரியாகப் படித்தார்.

"பொம்பளை ஆளுக்கும் அதே கூலியா? ஊர்ல இல்லாத வழக்கமா இருக்கே. அந்த ஒரு வரியை மாத்திக் குடும்மா, நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுக்க."

"அந்த ஒரு வரிதாங்க மாறாது" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பயம்தான், பொய் சொல்வானேன். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத்தான் கடையை மூடாமல் ஓட்டினேன்.

அவர் வேறொரு கொத்தனாரைக் கண்மதிப்பில் பிடித்தார். ஓட்டைப் பிரித்துப் போட்டார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தது. சித்தாள்கள் அத்தனை பேரும் நடவுக்கு இறங்கிவிட்டார்கள், அதிலும் பாதிப் பேர் அவர் வயலிலேயே. ஆவணியில் கல்யாணம், வீட்டுக்குக் கூரையில்லை. கடைசியில் அவரே என் கடைக்கு வந்தார்.

கட்டத்தில் 'ஆம்' போட்டுத் தொகையைக் காட்டினேன்.

"அன்னைக்கு இதைவிடக் கொறைச்சுல்ல சொன்னே?"

"அன்னைக்கு ஆத்துல தண்ணி வரலைங்க."

வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். மறுநாள், நடவுக் கூலியைவிடக் கூடக் கிடைக்கும் என்று வந்த சித்தாள்களைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே போனேன். என் வேலை நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவும் கூட வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.