நான் திறந்துவிட்ட கோட்டைக் கதவு

ஒரு போரின் முடிவை நான் மாற்றிச் சொன்னேன். அறியாமல் அல்ல. பாடத்தை வரி வரியாக மனப்பாடம் செய்துவிட்டு, வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன்!

அமெரிக்கா என்ற நாடு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது அதன் எல்லைக் காட்டில் நடந்த போர் அது. ஆவடியில் குடியிருந்த உனக்கும் அந்தக் காட்டுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தடித்தடியான பாடக்கட்டுகள் தபாலில் வந்து இறங்கிய அன்று என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார்.

அவர் அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். திருநெல்வேலியிலிருந்து வந்து, சுற்றுச்சுவருக்குள் இருந்த குவார்ட்டர்ஸில் ஓர் அறையும் சமையலறையும் பின்வராந்தாவுமாகக் குடியிருந்தோம். நான் அங்கேயே ஒரு குட்டி நர்சரிப் பள்ளியில் டீச்சர். பெரிய பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் எம்.ஏ. வேண்டும். ஆகவே எண்பதுகளின் நடுவில், அஞ்சல் வழியில் வரலாறு படிக்கச் சேர்ந்தேன். அதில் ஒரு தாள் முழுக்க அமெரிக்க வரலாறு!

எனக்கு ஒரு கெட்ட பழக்கம்... எதையும் யாரிடமாவது தமிழில் கதையாகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். சுவரிடம் சொல்லிப் பார்த்தேன். சுவர் ‘உம்’ கொட்டாது. அப்போது கிடைத்தவள்தான் பிலோமினா.

பிலோமினா சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரி. தையற்காரி. குவார்ட்டர்ஸ் பெண்கள் பாதிப்பேரின் ஜாக்கெட் அவள் கையால் தைத்ததுதான். லாரி ஓட்டப் போன புருஷன் எப்போதாவது வருவான், எப்போதாவது காசு தருவான். ஜேனட் என்று ஒரே மகள், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். “டீச்சர் மாதிரி டீச்சர் ஆவணுமாம்” என்று பிலோமினா பெருமையாகச் சொல்லும்போது நான் கொஞ்சம் உயரமாகிவிடுவேன்.

சுவரின் மூலையில் ஒற்றையாள் நுழையும் ஒரு சின்ன இரும்பு கேட் இருந்தது. அதன் வழியாகத்தான் அவள் துணிமூட்டையுடன் வருவாள். மதியத்தில் என் பின்வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைப்பாள். நான் அமெரிக்காவை நடத்துவேன்.

என்ன அருமையான மாணவி தெரியுமா அவள்! கஜானா காலியான புது அரசாங்கம், சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் என்று நான் தொடங்கினால், “புதுசா தனிக்குடித்தனம் வந்த ஜோடி மாதிரி கீது” என்பாள். சுதந்திரப் போரில் தோற்ற ஆங்கிலேயர், எல்லையிலிருந்த கோட்டைகளை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றேன். “ரிடயர் ஆயும் குவார்ட்டர்ஸ காலி பண்ணாம குந்திகினு கீறானுங்களே, அவுனுங்க ஜாதி” என்றாள். தேர்வில் இதை அப்படியே எழுதலாமா என்றுகூட யோசித்தேன்!

அந்த ஆங்கிலேயர்கள் காட்டுப் பழங்குடியினரிடம், ‘நீங்கள் எதிர்த்து நில்லுங்கள், நாங்கள் இருக்கிறோம்’ என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழங்குடியினரும் புது அரசின் படையை இரண்டு முறை ஓட ஓட விரட்டினார்கள். பிலோமினா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

அவளுக்கு மிகவும் பிடித்தது மணிப்பட்டை. அந்தத் தலைவர்கள் சமாதானம் பேசும்போது, ஒவ்வொரு வாக்குறுதிக்கும் வெள்ளையும் ஊதாவுமாய்க் கிளிஞ்சல் மணி கோத்த ஒரு பட்டையை நீட்டுவார்கள். பட்டை இல்லாத பேச்சு வெறும் காற்று. பேச்சு வேண்டாம் என்பவர் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

“இது நல்ல பயக்கம் டீச்சர். நம்மாளுங்க வாயால பந்தல் போட்டுட்டுப் பூடுறாங்க.”

இப்படியே போயிருந்தால் இந்த வாக்குமூலத்துக்கே வேலை இல்லை...

குவார்ட்டர்ஸைக் கவனிக்கும் எஸ்டேட் அலுவலகத்துக்குப் புது அதிகாரி வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் சுவரைச் சுற்றி நடந்தார். சின்ன கேட்டின் முன் நின்றார். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லையே, இது பாதுகாப்பா என்று கேட்டார். கேட்டை நிரந்தரமாக மூடுவதைப் பற்றிக் குடியிருப்போர் கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

பிலோமினா அன்று கொக்கி வைக்கவில்லை. கேட் மூடினால் அவள் மெயின் ரோட்டைச் சுற்றி வந்து, பெரிய வாசலில் பாஸுக்காக நிற்க வேண்டும். காவலுக்கு நிற்பவருக்கு மனம் இருந்தால் பாஸ், இல்லையென்றால் இல்லை.

“என் பொயப்பே இந்தக் காம்பவுண்டுக்குள்ளதான் டீச்சர். வெளியாளுங்கள மீட்டிங்ல உடமாட்டாங்களாம். நீ பேசுவியா?”

“பேசாமல் இருப்பேனா? உனக்காக நான் பேசுகிறேன், பிலோ!” எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

மறுநாள் அவள் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பாவாடை நாடாவில் வரிசையாகத் தைத்த சட்டைப் பொத்தான்கள். வெள்ளை, நடுவில் கொஞ்சம் ஊதா.

“இந்தா, பேச்சு குட்த்துட்டே. பட்டைய வாங்கிக்கோ.” இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கூட்டத்தன்று அந்தப் பட்டை என் கைப்பையில் இருந்தது. பிலோமினா சின்ன கேட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தாள். கூட்டம் நடந்த மன்றத்து வாசலில் அதிகாரி எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“மேடம், பெரிய குவார்ட்டர்ஸ் கேட்டு உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்திருக்கார் இல்ல? என் டேபிள்லதான் இருக்கு. பின்னாடி கொய்யா மரத்தோட ஒரு வீடு காலியாகுது. உங்களுக்குப் பிடிக்கும்.”

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மிரட்டவில்லை. நல்ல மனிதராகத்தான் சிரித்தார். மிரட்டியிருந்தால் இன்று எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

கூட்டம் தொடங்கியதும், கேட்டைப் பற்றி யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். என் நாக்கின் நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. வீட்டில் கண்ணாடி முன் பேசியே பார்த்திருந்தேன். ஆனால் கண்ணுக்குள் ஒரு கொய்யா மரம்... தனியாக ஒரு படிக்கும் அறை... அதில் மேசை...

சரி, மூடச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

தூக்கினேன். சும்மா இருந்தாலே போதும். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் தூக்கினேன்! இடது கையால் பையைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினேன். பைக்குள் பொத்தான்கள் விரலில் உறுத்தின.

திரும்பும்போது கேட் கம்பிகளுக்கு அப்பால் பிலோமினா நின்றாள். என் கண்ணில் நீரைப் பார்த்ததும் அவளே என்னைத் தேற்றத் தொடங்கிவிட்டாள்.

“அயுவாத டீச்சர். நீ பேசியிருப்பே. அந்த ஆம்பளைங்க ஒத்துக்கினு இருக்கமாட்டாங்க. அதானே?”

நான் தலையாட்டினேன்.

ஒரு தலையாட்டல்! அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு வந்த எல்லா நேரமும் ஆகியிருக்கிறது.

கேட்டை வெல்டிங் வைத்து மூடினார்கள். நாங்கள் புது வீட்டுக்குப் போனோம். கொய்யா நன்றாகவே இருந்தது. உள்ளே சிவப்பு, நல்ல இனிப்பு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தினமும் தின்றேன்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் பாஸ் கிடைத்து, பிலோமினா ரோட்டைச் சுற்றிக்கொண்டு, நனைந்த மூட்டையுடன் வந்து சேர்ந்தாள். முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்பால இன்னா ஆச்சு டீச்சர்? அந்தக் காட்டு ஜனங்க தோத்து ஓடி வந்தாங்கன்னியே, கோட்டையாண்ட... அதோட நிறுத்திட்டே. நைட்டெல்லாம் அவுங்கள நென்ச்சிகினே படுக்கிறேன்.”

உண்மையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறை வந்த படையிடம் பழங்குடியினர் தோற்றார்கள். ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொன்ன ஆங்கிலேயரின் கோட்டையை நோக்கி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கோட்டைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அமெரிக்காவோடு இன்னொரு போர் வந்துவிடுமே என்று பயம்! அடுத்த ஆண்டே பழங்குடியினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தங்கள் நிலத்தில் பெரும் பகுதியைக் கொடுத்தார்கள். போரில் தோற்றதைவிட அந்த மூடிய கதவுதான் அவர்கள் மனதை உடைத்தது என்கிறது பாடம்.

இதை எப்படி அவளிடம் சொல்வேன்? நனைந்த தலையோடு உட்கார்ந்திருந்தவளிடம்?

“திறந்தார்கள், பிலோ” என்றேன். “கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே விட்டார்கள்.”

அத்தோடு விட்டேனா! காயத்துக்கு மருந்து போட்டார்கள், சூடாகக் கஞ்சி ஊற்றினார்கள், கம்பளி கொடுத்தார்கள்... என் வாய் அன்று ஓர் அன்னசத்திரமே நடத்தியது.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். “பார்த்தியா! வெள்ளக்காரன்லகூட உன்ன மாதிரி ஒர்த்தன் இருந்துகீறான்.”

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. எல்லைப் பழங்குடியினரின் தோல்விக்கான காரணங்களை ஆராய்க! நான் ஆராய்ந்தேன் பாருங்கள்... வாக்குக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திய அந்தக் கோட்டைத் தலைவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். கோழை என்றேன், துரோகி என்றேன், கூடுதல் தாள் வாங்கி எழுதினேன். அந்தத் தாளில்தான் எனக்கு மிக அதிக மதிப்பெண்! அதன் புண்ணியத்தில் அம்பத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலையும் கிடைத்தது.

பிலோமினாவுக்கு? பாஸ் கிடைக்காத நாட்கள் கூடக் கூட, குவார்ட்டர்ஸ் பெண்கள் வேறு தையற்காரர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வீட்டில் மெஷின்மேல் பழைய போர்வை ஏறியது. பத்தாவது முடித்ததும் ஜேனட் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனிக்குப் போனாள். சில மாதத்தில் தாயும். காலை ரயிலில் நான் சாக்பீஸ் பெட்டியுடன் போவேன், ஜேனட் சாப்பாட்டுத் தூக்குடன் போவாள். “குட் மார்னிங் டீச்சர்” என்று எழுந்து எனக்கு இடம் கொடுப்பாள். நான் உட்காருவேன்... உட்கார்ந்தேனே!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு கிறிஸ்துமஸுக்குப் பிலோமினா என்னை அவர்கள் மாதா கோயிலுக்கு அழைத்துப் போனாள். காலைப் பூசையில் ஃபாதர் பிரசங்கம் செய்தார். “அமெரிக்கக் காட்டிலே ஒரு கோட்டைத் தலைவன்! கதவைத் தட்டியவர்களுக்கு அவன் கதவைத் திறந்தான்!” எனக்குக் குப்பென்று வியர்த்தது. பிலோமினா என் தொடையில் கிள்ளி, “நான்தான் அவருக்குச் சொன்னேன்” என்று கிசுகிசுத்தாள். என் கஞ்சியைக்கூட ஃபாதர் விடவில்லை!

சில ஆண்டுகளில் அந்த அதிகாரி போய் இன்னொருவர் வந்தார். அவர் மனைவிக்குக் காய்கறி வாங்கச் சுற்றுவழி தூரமாக இருந்ததாம். ஒரே வாரத்தில் கேட்டைத் திறந்துவிட்டார்கள். கூட்டமில்லை, கை தூக்கவில்லை. அந்தம்மாள் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான்.

ஒரு வார்த்தை... எனக்கு அது தெரியாமல் போயிற்றா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஐயப்பன்தாங்கலில் சொந்த வீட்டுக்குக் கிளம்பினோம். சாமான் கட்ட பிலோமினா வந்துவிட்டாள். என் அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டவள் துள்ளினாள்.

“அட! இத இன்னும் வெச்சிகினு கீறியா!”

பொத்தான் பட்டை. வெள்ளை கொஞ்சம் பழுப்பாகியிருந்தது. இதுதான் சமயம், சொல்லிவிடு, திருப்பிக் கொடுத்துவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டையை வாங்கி அவளிடமே நீட்டினேன்.

“இது உன்னிடமே இருக்கட்டும், பிலோ...”

அவள் என் விரல்களை மடக்கி மூடினாள். “எனுக்கு எதுக்கு? பேச்சு வாணாம்னு சொல்றவங்கதான திருப்பிக் குடுக்கணும்? நீதான சொல்லிக் குட்த்தே. எனுக்கோசரம் அத்தினி பேர் முன்னாடி பேசினவ நீ. நீயே வெச்சிக்கோ.”

வைத்துக்கொண்டேன்.

சொன்னால் அவள் மன்னித்துவிடுவாள் என்பீர்கள். ஆமாம், மன்னித்துவிடுவாள்! சிரித்துக்கூட விடுவாள். ஆனால் அப்புறம் அந்தக் கோட்டைக் கதவு? அது திறந்தது என்ற நினைப்பில் அவள் எத்தனை ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்? அதைச் சாத்தவும் என்னையா சொல்கிறீர்கள்? ... பாருங்கள், இதுவும் ஒரு சாக்குதான். நல்ல சாக்குகள் எனக்கு எப்போதும் கைவசம் உண்டு.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு பஸ் மாறி, அச்சுமுறுக்கும் கேக்கும் எடுத்துக்கொண்டு வருகிறாள். “பட்டை பத்தரமா கீதா?” என்று கேட்கிறாள். இருக்கிறது என்கிறேன். அது பொய்யில்லை.

இந்த வருடமும் வருவாள். தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் ஓடிப்போய் எங்கள் வீட்டு கேட்டை அகலத் திறந்துவைப்பேன். அதில் மட்டும் நான் ஒருநாளும் தாமதித்ததில்லை.